குற்றாலம்: சீசன் மூணு மாசம், பராமரிப்பு யார் பொறுப்பு?

‘தண்ணி நல்லா விழுதா?’ ஜூன் பிறந்துவிட்டால், தென்காசிப் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் எல்லோரும் போன் போட்டுக் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் விழும் இடத்தில் தடுப்புக் கம்பி, நடைபாதை, வடிகால், கழிப்பறை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியத்தைச் சமீபத்திய சம்பவங்கள் காட்டிவிட்டன.

என்ன நடந்தது?

* 2023 ஆகஸ்ட்: சீசன் நேரத்தில், பேரருவிக்கு அருகே இருந்த தற்காலிகக் கடைகள் தீப்பிடித்து எரிந்தன.
* 2024 மே 17: பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம். 17 வயது மாணவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.
* 2024 டிசம்பர்: வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்க, பேரருவிப் பகுதியைக் காட்டாற்று வெள்ளம் சூழ்ந்தது.

இந்த மூன்றில் சீசனுக்குள் நடந்தது ஒன்றுதான். ‘சீசனுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சா போதும்’ என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

ஊர் சின்னது, கூட்டம் பெருசு

குற்றாலம் ஒரு பேரூராட்சி. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். சீசனில் சனி, ஞாயிறு வந்தால் அதைவிடப் பல மடங்கு கூட்டம். குப்பை, கழிவுநீர், பார்க்கிங் என எல்லாச் சுமையும் அந்தச் சின்ன ஊரின் தலையில்தான்.

ஆனால், உள்ளாட்சிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் நிதி பிரிக்கும்போது மக்கள்தொகைதான் முக்கிய அளவுகோல். அதுவும் 2011 கணக்கெடுப்பு. வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். கடை ஏலம், வாகனக் கட்டணம் போன்ற வருமானமும் சாரலை நம்பித்தான். சாரல் ஏமாற்றினால் கஜானாவும் காலி.

ஒரே தண்ணி, பல துறை

மேலே மலை வனத்துறையிடம். அருவிக்கரையை ஒட்டிய குற்றாலநாதர் கோயில் அறநிலையத் துறையிடம். சாலை நெடுஞ்சாலைத் துறை, துப்புரவு பேரூராட்சி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது போலீஸ். பழைய குற்றாலமோ ஆயிரப்பேரி ஊராட்சிப் பகுதி. 2024 விபத்துக்குப் பிறகு, அந்த அருவி யார் வசம் இருக்க வேண்டும் என்பதே பெரிய சர்ச்சையானது. வனத்துறையிடம் கொடுத்தால் கட்டுப்பாடுகள் அதிகமாகி, பிழைப்பு போய்விடும் என்பது உள்ளூர்க்காரர்களின் பயம்.

பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். கண்ணுக்குத் தெரிந்த பிறகு எடுக்கும் நடவடிக்கை இது. வெள்ளம் உருவாவது மேலே காட்டுக்குள். குளிப்பவர் நிற்பது கீழே. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சில நிமிடம் முன்னால் தகவல் சொல்ல, இரண்டு துறைகள் ஒரே ஏற்பாட்டில் இருக்க வேண்டும்.

வேலை செய்ய நேரமே இல்லையா?

காலண்டரைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, சீசன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூடவே ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கோடை மழை மே மாதமே வந்துவிடலாம். மிச்சம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நான்கே மாதம்.

நிதியாண்டோ ஏப்ரலில்தான் தொடங்குகிறது. புதுப் பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு முடிப்பதற்குள் சாரல் வந்துவிடும். தேர்தல் ஆண்டு என்றால் இன்னும் மோசம். 2024இல் மார்ச் 16 முதல் ஜூன் முதல் வாரம் வரை தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. அந்த நேரத்தில் புது டெண்டர் விடுவது சுலபமில்லை.

தென்காசிக்கு என்ன சம்பந்தம்?

ரயிலில் வருபவர்கள் பெரும்பாலும் தென்காசியில் இறங்கித்தான் குற்றாலம் போகிறார்கள். கேரளா போகும் லாரிகளும் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் இதே ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரான பிறகு அரசு அலுவலகங்களுக்கு வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. அருவித் தண்ணீரும் அப்படித்தான்: சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, தாமிரபரணியில் சேர்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. மேலே கலப்பது கீழே இருப்பவர்களுக்குத்தான் வந்து சேரும்.

என்ன செய்யலாம்?

1. சீசன் வருமானத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்றே தனிக் கணக்கில் ஒதுக்குவது. டெண்டரை மழைக்காலத்திலேயே முடித்துவிட்டால் ஜனவரியில் வேலை தொடங்கிவிடும்.
2. நிதி பிரிக்கும்போது சுற்றுலா ஊர்களுக்கு, வந்துபோகும் கூட்டத்தையும் கணக்கில் எடுப்பது.
3. எல்லா அருவிகளுக்கும் சேர்த்து, கலெக்டர் தலைமையில் பொறுப்பான ஒரே அமைப்பு. மலைமேல் மழைமானி, கீழே சைரன், இரண்டையும் கையாள ஒரே ஆள்.

மூன்றாவதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆனால் துறைகள் ஒன்றாக உட்கார்ந்து, ‘இது என் பொறுப்பு’ என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். குற்றாலத்தில் இதுவரை கஷ்டமாக இருப்பது அதுதான்.