இருக்கிற கமராவே போதும்: ஸ்காபரோவில் படம் எடுப்போரின் கொள்கைப் பிரகடனம்

சம்பளத்துக்கு அல்லாமல் ஆசைக்குப் படம் எடுக்கும் நாங்கள், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். முதல் முடிவு இது: அடுத்த ஒரு வருடத்துக்கு எங்களில் எவரும் புதுக் கமரா வாங்கமாட்டோம்.

விலை கூடிய கமரா வரட்டும் என்று காத்திருந்த காலத்தில், எடுத்திருக்க வேண்டிய முகங்கள் பல போய்விட்டன. எங்களில் ஒருவரிடம் அப்பப்பாவின் படம் என்று இருப்பது, அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒன்றுதான். முத்திரையின் விளிம்பு அவர் கன்னத்தில் இப்போதும் தெரிகிறது. மற்றவையெல்லாம் இடம்பெயர்ந்தபோது அல்பத்தோடு போய்விட்டன.

பழைய கமராவுக்கு ஒரு 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் சேர்த்தால் நல்லது, பாவித்ததாகவே வாங்கலாம். யன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அம்மம்மா மரக்கறி வெட்டுவதை எடுக்க அது தாராளம். அதுவும் இல்லையென்றால் கைத்தொலைபேசியால் எடுப்போம்.

எங்கள் தோலின் நிறத்தை உள்ளபடி காட்டுவதே எங்கள் கொள்கையின் நடுநாயகம். கலர்ப் படம் பிரிண்ட் போட்ட கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது ‘ஷேர்லி அட்டை’: ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரோத் 2009இல் இதை விரிவாக எழுதினார். கறுத்த முகங்கள் படத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய இருண்டுபோனதில் அந்த அளவுகோலுக்கும் பங்குண்டு. அந்த அட்டையை வெளியிட்ட கொடாக்கின் தொழிற்சாலை, ரொறன்ரோவின் மவுன்ற் டெனிஸில் இருந்தது, 2005இல் மூடப்பட்டது. பிலிம் காலம் போயிற்று, இருட்டு போகவில்லை.

ஸ்னோவுக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். கமரா அந்த வெள்ளை முழுவதையும் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் கறுத்துவிடும். ஆகவே ஒளியை முகத்தில் அளப்போம்; இல்லையேல் எக்ஸ்போஷரை +1 அல்லது அதற்கு மேலும் கூட்டுவோம். பின்னால் ஸ்னோ வெளிறிப் போனால் போகட்டும். எடுத்த பிறகு முகத்தை வெள்ளையாக்கும் ஃபில்டரைத் தொடவேமாட்டோம்.

குளிரில் பற்றரி சீக்கிரம் படுத்துவிடும்; இரண்டாவதை உடம்புச் சூடு படும் உள்பையில் வைப்போம். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை திறக்கமாட்டோம். அவசரப்பட்டால் லென்ஸில் ஈரம் பூக்கும்.

ஏரிக்கரையில் ஸ்காபரோ புளஃப்ஸ் குன்றுகளில் சூரிய உதயம் போதுமட்டும் எடுத்தாயிற்று. ஓகஸ்ட் மாதம் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழ்த் தெருவிழாவில் மேடைக்கு முன் கமராக்கள் நெரியும். நாங்களோ கொத்துரொட்டிக் கல்லுக்குப் பின்னால் வியர்த்து நிற்பவரிடம் போவோம். கேட்டுவிட்டே எடுப்போம். வேண்டாம் என்றால் காரணம் கேட்கமாட்டோம். ஊரில் சொந்தங்களை விட்டு வந்தவருக்கு ஒரு படமும் பயம்தான்.

2009 மே 10ஆம் திகதி மாலை, ஈழத்தில் போரை நிறுத்தக் கோரி எங்கள் சனம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கியபோது எடுத்த படங்கள் எத்தனை பழைய ஹார்ட் டிரைவ்களில் செத்துக் கிடக்கின்றன? இனி ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி. ஒன்று வேறொருவர் வீட்டில். மாதம் ஒரு படமாவது தாளில் அச்சாகும். பின்பக்கத்தில் பெயர், ஊர், திகதி இருக்கும்.

சேர விரும்புவோரே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டின் மூத்தவரை யன்னலருகே இருத்தி ஒரு படம் எடுங்கள். அச்சிட்டு, பின்பக்கத்தில் தன் ஊரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தப் படத்தோடு வாருங்கள்.