ஆறு மடங்கு ஜாக்கிரதை

பி.காம். பாடத்தில் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று ஒன்று வரும். எவனாவது ஏமாத்துவான், அதுக்கு முன்கூட்டியே கொஞ்சம் எடுத்து வை என்று அர்த்தம். இதை எஃகிலேயே செய்து காட்டியது, நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிய ரோப்ளிங் குடும்பம்.

ரெண்டு கல் கோபுரம். நடுவே 486 மீட்டருக்குத் தூணே கிடையாது. தேர் வடம் மாதிரி நாலு கேபிள்கள் பாதையைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 5,000-க்கு மேல் கம்பிகள். போதாதென்று கோபுரத்திலிருந்து விசிறியாக இறங்கும் சாய்வுக் கம்பிகள் வேறு.

திட்டம் போட்ட அப்பா ஜான், விபத்தில் காலில் அடிபட்டு 1869-ல் இறந்துபோனார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன், அஸ்திவார வேலையில் உடம்பு கெட்டுப் படுத்துவிட்டார். பாலத்துக்கும் அவருக்கும் நடுவே அலைந்தவர் மனைவி எமிலி.

1878-ல் குட்டு உடைந்தது. கம்பி கான்ட்ராக்டர் ஹெய், நல்ல கம்பியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு, வழியிலேயே மட்டக் கம்பியாக மாற்றி அனுப்பியிருக்கிறார்! கேபிளில் ஏறிவிட்டதைப் பிரிக்கவும் வழியில்லை.

ரோப்ளிங் கணக்குப் பார்த்தார். தேவையைப்போல ஆறு மடங்கு பலம் வைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள். களவு போனது போக ஐந்து மடங்காவது தேறும்! இருந்தாலும் கேபிளுக்குச் சுமார் 150 கம்பி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். செலவு ஹெய் தலையில்.

1883-ல் திறந்த பாலம், இன்னிக்கும் வண்டிகளைச் சுமக்கிறது. அந்த மட்டக் கம்பியும் உள்ளேயேதான் இருக்கிறது. ஊரில் எல்லோரும் யோக்கியர்கள் என்று நம்பி எஸ்டிமேட் போடுகிறவர்கள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.