கேள்வியும் செபமே

இயற்கையைப் பாடாத கவிஞர் இல்லை. நிலவு, மலர், மழை, கடல் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஏடு நிறைந்துவிடும். இறுதி வரியில் ‘இவையெல்லாம் இறைவன் படைப்பு’ என்று முடித்துவிட்டால் பக்திக் கவிதையும் தயார். மாணவியராகிய நாம் எழுதும் கவிதைகளில் பல இவ்வாறே அமைகின்றன. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு மரணமோ, நெடுநாள் நோயோ வந்த பின்பு அக்கவிதை நமக்குத் துணை நிற்குமா? வாழ்வின் பொருளைத் தேடும் கவிதை இறைவனைப் புகழலாம். அவரிடம் கேள்வி கேட்கவும் அதற்கு உரிமை உண்டு என்பதே என் கருத்து.

முதலில் புகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கதிரவனைச் சகோதரன் என்றும், நிலவையும் நீரையும் சகோதரிகள் என்றும் உறவு கொண்டாடிப் பாடினார் என்பதை நாம் அறிவோம். எந்த நிலையில் பாடினார் என்பதை நினைப்பவர் சிலரே. அப்பாடல் பிறந்தது 1225-ஆம் ஆண்டளவில். அப்போது அவர் கண்நோயால் பகல் வெளிச்சத்தைக்கூடத் தாங்க இயலாதவராய் இருந்தார். காண முடியாத கதிரவனையே அவர் வாழ்த்தினார்! மறு ஆண்டு, சாவு நெருங்கிய வேளையில், மரணத்தையும் சகோதரி என்று அப்பாடலில் சேர்த்துக்கொண்டார். துன்பத்தை அறிந்த புகழ்ச்சி என்பதால் அன்றோ அது இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது!

இனிக் கேள்விக்கு வருவோம். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1844-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1866-இல் கத்தோலிக்கரானார், 1868-இல் இயேசு சபையில் சேர்ந்தார். குருத்துவப் பயிற்சிக்காக வடவேல்சு நாட்டில் தங்கியிருந்த 1877-ஆம் ஆண்டில், காற்றில் மிதக்கும் வல்லூறையும், மீனின் மேனியில் உள்ள புள்ளிகளையும், பல நிறம் கலந்த வானத்தையும் கண்டு மகிழ்ந்து பாடினார். பொதுவாக ‘பறவை’ என்று பாடாமல், ஒவ்வொன்றையும் அதற்கே உரிய அழகோடு உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையே அவருக்கு வழிபாடாக இருந்தது.

1884-இல் அவர் டப்ளின் நகருக்குப் பேராசிரியராய் அனுப்பப்பட்டார். அங்கே உடல் தளர்ந்தது, தனிமை வாட்டியது, உள்ளம் இருண்டது. 1889 மார்ச்சில் அவர் எழுதிய கவிதை ஒன்று எரேமியா இறைவாக்கினரின் வழக்கைத் தம் வழக்காக எடுத்துக்கொள்கிறது. தீயோர் செழிப்பது ஏன், என் முயற்சிகள் வீணாவது ஏன் என்று இறைவனையே கேட்கிறார். வெளியே வசந்தம். கரையெங்கும் தழைகள், பறவைகள் கூடு கட்டுகின்றன. தம் வாழ்வில் மட்டும் எதுவும் துளிர்க்கவில்லை என்று வருந்துகிறார். இங்கே இயற்கை வெறும் அலங்காரமா? இல்லை. அதுவே அவருடைய கேள்வியைக் கூர்மையாக்குகிறது. ஆனால் அக்கவிதை கேள்வியோடு நிற்கவில்லை. தம் வேர்களுக்கு மழை வேண்டி முடிகிறது. அவ்வாண்டு ஜூன் 8-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில், காய்ச்சலால் அவர் இறந்தார். அவருடைய கவிதைகள் நூலாக வந்தது 1918-இல்தான்.

இறைவனைக் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாதா என்று பெரியோர் சிலர் வினவலாம். அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் விவிலியத்தைத் திறந்து பார்ப்போம். திருப்பாடல்களில் புகழ்ச்சிக்கு நிகராகப் புலம்பலும் உண்டு. 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை அதை நீக்கவில்லை, இன்றும் செபிக்கிறது. நம் ஆண்டவர் சிலுவையில் கதறியதும் 22-ஆம் திருப்பாடலின் கேள்வியையே. இறைவன் இல்லை என்று எண்ணுபவர் அவரிடம் முறையிடுவதில்லை. தாய் கேட்பாள் என்ற நம்பிக்கை உள்ள குழந்தைதான் அவளிடம் அழும். அதுபோல, இறைவனை நோக்கிக் கேட்கப்படும் கேள்வியும் செபமே.

எனவே தோழியரே, கவிதை எழுத அமரும்போது நிலவையும் மலரையும் தேடி ஓட வேண்டா. பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியையே கால்மணி நேரம் உற்று நோக்குங்கள். மகிழ்ச்சி பிறந்தால் நன்றி கூறுங்கள். துயரம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு மாணவி ‘ஏன் ஆண்டவரே?’ என்று எழுதினால் அவ்வரியை அடித்துவிடாதீர்கள். அவளை அருகில் அழைத்துப் பேசுங்கள். அவள் நம்பிக்கையை இழந்துவிடவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அறிந்தே கேட்டிருக்கிறாள்.