மோதிரம் போட்டால் முடிந்ததா?

1994 ஜூலையில் வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நட்டு வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டீன் ஏஜ் பிள்ளையின் கையெழுத்து. கல்யாணம் வரைக்கும் உடலுறவு வேண்டாம் என்று கடவுளுக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி! 1993-ல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையார் தொடங்கிய 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' இயக்கத்தின் வேலை அது. பின்னால் மோதிரமும் வந்தது. 1996-ல் வந்த சட்டம் ஒன்று, 'விலகியிரு' என்று மட்டும் சொல்லும் பாடங்களுக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலர் அரசுப் பணத்தை ஒதுக்கியது.

காத்திருப்பது கேலிக்குரிய விஷயம் இல்லை. கொரிந்து சபைக்கு எழுதிய பவுல் சரீரத்தை ஆலயமாகப் பார்க்கச் சொன்னார்; அதை நம்பி ஒருவன் காத்திருந்தால் அது அவன் விசுவாசம், மற்றவர்கள் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் பயத்தையும் பொய்யையும் காட்டிப் பிள்ளைகளைக் காத்திருக்க வைப்பது விசுவாசமா?

இந்த அட்டை ஒரு ப்ராமிசரி நோட்டு மாதிரி. எழுதிக் கொடுப்பவருக்கு வயசு பதினைந்து. (மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது நம்மூர் பி.காம். மாணவர்கள் எல்லோரும் படிக்கிற பாடம்!) வசூல் எப்படி? ஜேனட் ரோசன்பாம் 2009-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் கணக்குப் பார்த்தார். உறுதிமொழி எடுத்தவர்களை, அவர்களைப் போலவே பக்தியும் கருத்தும் கொண்ட, ஆனால் உறுதிமொழி எடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டார். 5 வருஷம் கழித்துப் பார்த்தால், கல்யாணத்துக்கு முந்தைய உறவில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் 82 சதவீதம் பேர், அப்படி ஒன்றில் கையெழுத்துப் போடவே இல்லை என்றார்கள். நூற்றுக்கு 82 வாராக்கடன்... எந்த பேங்க் தாங்கும்?

வித்தியாசம் தெரிந்த இடம் வேறு. உறுதிமொழி எடுத்தவர்கள் ஆணுறையைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். 2005-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பால்வினை நோய் இவர்களுக்கும் மற்றவர்கள் அளவுக்கே இருந்தது. பரிசோதனைக்குப் போனவர்கள்தான் குறைவு. வெட்கம்தான், வேறென்ன. மோதிரத்தைப் போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு கிளினிக்குக்குப் போவது?

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2004-ல் ஹென்றி வாக்ஸ்மன் என்ற எம்.பி. வெளியிட்ட அறிக்கை, பரவலாகப் பயன்பட்ட 13 பாடத்திட்டங்களில் 11-ல் தவறான, திரித்த தகவல்கள் இருப்பதாகச் சொன்னது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட எச்ஐவி பரவலாம் என்கிற அளவுக்கு! ஆணுறை உபயோகமே இல்லாதது என்று கேட்டு வளர்ந்தவன், தடுமாறுகிற அன்று அதை ஏன் தேடப் போகிறான்? விபசாரத்தை விலக்கிய அதே கற்பலகையில்தான் பொய்ச்சாட்சியும் விலக்கப்பட்டிருக்கிறது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்கலாம் என்று எந்த வேதபாட வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சூயிங்கம் கதை. உறவு கொண்ட பெண் மென்று துப்பிய சூயிங்கம், அதை யார் வாயில் போடுவார்கள் என்று கேட்கும் பாடம். எலிசபெத் ஸ்மார்ட் என்ற மார்மன் குடும்பத்துச் சிறுமி 2002-ல், 14 வயதில், சால்ட் லேக் சிட்டி வீட்டிலிருந்து கடத்தப்பட்டு ஒன்பது மாதம் பலாத்காரத்துக்கு ஆளானார். தப்பிக்க ஏன் முயலவில்லை என்று கேட்டவர்களுக்கு 2013-ல் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று இந்தச் சூயிங்கம். இனி தனக்கு மதிப்பே இல்லை என்று நினைத்தாராம். கல்லோடு நின்ற கூட்டத்திடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றி அனுப்பிய இயேசுவின் பெயரைச் சொல்கிறவர்களும் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்கள்.

சபைகள் தாராளமாகக் கையெழுத்து வாங்கட்டும். ஆனால் அதே வகுப்பில், ஆணுறை எதைத் தடுக்கும் எதைத் தடுக்காது, பரிசோதனை எங்கே செய்யலாம், உன்னை ஒருவன் பலாத்காரம் செய்தால் அது உன் பாவம் இல்லை என்பதையும் சொல்லட்டும். பாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தால், சபையில் ஒரு நர்ஸ் கூடவா இல்லை?