இருநூற்றைம்பது வயதுப் புழு

மெக்சிகோ வளைகுடாவில், ஐந்நூறு மீட்டருக்கும் கீழான இருட்டில், லாமெல்லிபிராக்கியா லுய்மெசி என்றொரு குழாய்ப்புழு வாழ்கிறது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எண்ணெயும் மீத்தேனும் கசியும் இடங்களில், உடலின் பின்முனையைச் சேற்றுக்குள் வேர்போல இறக்கி ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சிக்கொள்கிறது. உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு ஆக்கித் தருகின்றன. நமக்கு நஞ்சான வாயுவில் ஓர் உயிர் நூற்றாண்டுகளைக் கடப்பது என்னை ஒவ்வொரு முறையும் மலைக்க வைக்கிறது. குழாய்களுக்குச் சாயமேற்றி வளர்ச்சியை அளந்த ஆய்வாளர்கள், இரண்டு மீட்டர் நீளத்தை எட்ட 170 முதல் 250 ஆண்டுகள் ஆகும் என்று 2000-இல் வெளியிட்டார்கள். பசிபிக் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் அதன் உறவான ரிஃப்டியாவோ ஓராண்டிலேயே 85 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். ஆகவே ‘சேதமடைந்தாலும் குழாய்ப்புழுக்கள் மீண்டும் வந்துவிடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை ஏற்கவே முடியாது. மூத்த லாமெல்லிபிராக்கியாக்கள் ஏறத்தாழ அமெரிக்கக் குடியரசின் வயதை ஒத்தவை. அவற்றை வாழவைக்கும் கசிவுகளின் அடியில் இருக்கும் எண்ணெய்க்காகத்தான் நாம் துளையிடுகிறோம். இத்தகைய உயிர்க்கூட்டங்களிலிருந்து விலகித் துளையிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் உண்டு, நல்ல விதி. ஆனால் தூரம் மட்டும் போதாது. ஒரு நங்கூரச் சங்கிலி நசுக்கிய குழாய்ப்புழுப் புதர் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை ஒவ்வொரு சுற்றுச்சூழல் அறிக்கையும் எண்ணாலேயே சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகே துளையிடும் குத்தகையில் கையெழுத்து விழவேண்டும்.