டிஷ்வாஷரும் ரங்கமணிகளின் கடமையும்

"டிஷ்வாஷரா? நம்ம சமையலுக்கெல்லாம் அது சரிப்பட்டு வராது சார்."

இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வாங்கின ஆறு மாசம் ஜோராக ஓடும். அப்புறம் பாத்திரத்தில் பிசுக்கு நிற்கும், கதவைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும், கொஞ்சநாளில் மேலே மிக்ஸியும் உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்களும் குடியேறிவிடும். முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு அலமாரி! தங்கமணி பழையபடி ஸிங்க் முன்னால் நிற்பார்.

என் கட்சி இதுதான். தப்பு சாம்பார் மேலும் இல்லை, மெஷின் மேலும் இல்லை. அந்த மெஷினுக்கு வீட்டில் பொறுப்பாளி யாரும் இல்லை. ஃபில்டரை யார் கழட்டிக் கழுவுவது என்று முடிவு செய்யாமல் வாங்கின டிஷ்வாஷர் எந்த ஊரிலும் உருப்படாது. அந்தப் பொறுப்பு சமைக்கிறவர் தலையில் விழக்கூடாது. ரங்கமணிகளே, அது நம்ம டிபார்ட்மெண்ட்.

நான் இருக்கும் ஃபீனிக்ஸ் பேயில் இது வெறும் வீட்டுச் சண்டை விஷயம் இல்லை, தண்ணீர் விஷயம். போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாச்சு, வாய்தான் இன்னும் மாறவில்லை) முக்கியமான குடிநீர் ஆதாரம் தானிகாரி அணை. வருஷத்தில் ஏழெட்டு மாசம் மழை கொட்டுகிற ஊர்தான். ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் கையை விரித்தால், குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாள் விட்டு ஒருநாள் என்று போய்விடும். சுற்றிலும் கடல், ஸிங்க்கில் வறட்சி :-)

இப்போது வரும் மெஷின்கள் ஒரு தடவை கழுவ சுமார் 10 லிட்டர் எடுக்கின்றன, அதாவது ஒரு பக்கெட்டுக்கும் குறைவு. அதே பத்துப் பாத்திரத்தைக் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே ஒருநாள் பக்கெட் வைத்து அளந்து பாருங்கள். ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்தில் ஆட்களைக் கழுவவிட்டு அளந்திருக்கிறார்கள். 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களுக்குச் சராசரியாக 100 லிட்டர் ஆகியிருக்கிறது. நாம் பக்கெட்டில் முக்கிக் கழுவினால் அவ்வளவு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 10 லிட்டரில் முடியாது.

எப்படி 10 லிட்டரில் முடிக்கிறது? இங்கேதான் சூட்சுமம். மெஷின் மூன்று நாலு லிட்டரை உள்ளே இழுத்து, சூடாக்கி, அதே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்பப் பாத்திரத்தின் மேல் பீய்ச்சுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழுக்கைப் பிடித்து வைப்பது அடியில் இருக்கும் ஃபில்டர். அது அடைத்துக்கொண்டால் நேற்றைய ரசத்தையே இன்றைய டம்ளருக்கு அபிஷேகம் செய்யும். "சரியாகக் கழுவலை" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான்.

சரி, பிரச்சனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள்.

1. பாத்திரம் சுத்தமாகவில்லை: ஃபில்டரைத் திருகி எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். வாரம் ஒருதடவை, இரண்டு நிமிஷ வேலை. அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் கைகள். அந்தத் துளைகளில் கடுகு கச்சிதமாகப் போய் உட்காரும். குச்சியால் எடுத்துவிடுங்கள். கரண்டிக் காம்பு இடிக்காமல் கைகள் சுற்றுகின்றனவா என்று ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். உள்ளே வைக்குமுன் கறிவேப்பிலை, மிளகாய், பருப்பை வழித்துக் கொட்டினால் போதும். அலம்பி வைக்க வேண்டியதில்லை. அலம்பினால் தண்ணீரை மிச்சம் பிடித்ததற்கு என்ன அர்த்தம்?

2. தண்ணீர் வெளியே போகவில்லை: முதலில் ஃபில்டர், அடுத்து வெளியேறும் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, ஸிங்க் அடியில் அடைப்பு இருக்கிறதா. கடைசியாக ஃபில்டர் குழிக்குள் இருக்கும் பம்ப் மூடி. எப்படிக் கழட்டுவது என்று மேனுவலில் இருக்கும். உடைந்த கண்ணாடி இருக்கலாம், கையை விட்டுத் துழாவாதீர்கள்.

3. தண்ணீர் உள்ளே வரவில்லை: உள்வரும் ஹோஸ் முனையில் ஒரு சின்ன வலை இருக்கும், அதில் மண் சேரும். அது சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் அழுத்தம் பாருங்கள். தண்ணீர் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பல மாடல்கள் குறைந்தபட்சம் 0.3லிருந்து 0.5 பார் கேட்கும். தலைக்கு மேல் மூன்று மீட்டரில் டேங்க் வைத்துவிட்டு மெஷினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சின்ன பிரஷர் பம்ப் ஒன்று போட்டால் தீர்ந்தது.

4. வெள்ளைப் படிவு: உப்புத் தண்ணீரின் வேலை. மெஷினுக்குள் இருக்கும் ரெசின் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் புத்துயிர் கொடுப்பதுதான் நாம் போடும் உப்பு. டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பு மட்டும், சமையல் உப்பு கூடாது. அணையில் தேங்கும் மழைத்தண்ணீர் பொதுவாக மென்மையாக இருக்கும், கிணறும் போரும் வேறு ரகம். சென்னையில் வைத்த செட்டிங்கையே இங்கேயும் வைக்காமல், ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கிப் பார்த்து மாற்றுங்கள். மென்மையான தண்ணீரில் டிடர்ஜெண்ட்டை அள்ளிப் போட்டால் கண்ணாடி டம்ளர் நாளாவட்டத்தில் நிரந்தரமாக மங்கிவிடும்.

5. நுரை, கசிவு: கையால் தேய்க்கும் லிக்விடை யாராவது ஊற்றியிருப்பார்கள். அது ஆகவே ஆகாது. இல்லையென்றால் கதவு ரப்பரைத் துடைத்துப் பாருங்கள்.

6. நாற்றம்: மாசம் ஒருதடவை காலி மெஷினில் சிட்ரிக் ஆசிட் போட்டு நல்ல சூட்டில் ஓடவிடுங்கள். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு, ஓடி முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். லீவில் ஊருக்குப் போகும்போதும் அப்படியே.

7. பிரேக்கர் விழுகிறது, ஷாக் அடிக்கிறது: இங்கே நம் வீரம் வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அலுமினியம், பித்தளை, இரும்பு தோசைக்கல், மரக்கரண்டி, இதெல்லாம் உள்ளே போகக்கூடாது. நம்ம எவர்சில்வருக்கும் டிஷ்வாஷருக்கும் மட்டும் ஜாதகம் அமோகமாகப் பொருந்தும்.

"இதுக்குத்தான் ஏ.எம்.சி. இருக்கே?" என்பீர்கள். பேங்க்காரன் பழக்கம், நான் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிப்பவன். என்னுடையதில் அடைப்பு, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் எதுவும் கணக்கில் வராது. போன வருஷம் தண்ணீர் வெளியேறாமல் நின்றபோது கம்பெனிக்கு போன் போட்டேன். "சார், இன்ஜினியர் சென்னையிலிருந்து வரணும், எப்போனு சொல்ல முடியாது" என்றார்கள். சென்னையிலிருந்து கப்பலில் வந்தால் ஏறக்குறைய மூன்று நாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேனுவலும் இடுக்கியுமாக உட்கார்ந்தேன். பம்ப்புக்குள் ஒரு புளியங்கொட்டை! கால் மணி நேர வேலை. மெயின்லேண்டில் இருப்பவர்கள் சோம்பலாக இருக்கலாம், மெக்கானிக் வந்துவிடுவார். தீவில் பராமரிப்பு என்பதே பாதி ரிப்பேர்.

கரண்ட்? ஒரு தடவைக்கு சுமார் 1 யூனிட். மெயின்லேண்ட் மின்கம்பி எட்டாத, பெரும்பாலும் டீசலில் ஓடும் ஊரில் அதுவும் யோசிக்க வேண்டியதுதான். அதனால் அரைகுறையாக நிரப்பி ஓட்டாதீர்கள், ராத்திரி ஒரே தடவை முழுசாக நிரப்பி ஓட்டுங்கள்.

இந்த மெஷினை உருப்படியாகச் செய்து காட்டியவர் ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1886ல் பேட்டண்ட் வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது ஓடியது. ஆனால் ஆரம்பத்தில் வாங்கியது வீடுகள் இல்லை, ஓட்டல்களும் விடுதிகளும்தான். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. நம் ஊரிலும் 2020 லாக்டவுனில் வேலைக்கு ஆள் வராதபோது நிறையப் பேர் அவசரமாக வாங்கினார்கள். பார்த்துக்கொள்ள ஆளை நியமிக்க மறந்துவிட்டார்கள்.

வங்கியில் எந்தக் கடன் ஃபைலுக்கும் பொறுப்பு அதிகாரி ஒருவர் உண்டு. அவர் பெயர் இல்லாத ஃபைல் வாராக்கடனாகும். டிஷ்வாஷரும் அப்படித்தான். வாங்கும் அன்றைக்கே பொறுப்பை ரங்கமணி கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். வாரம் இரண்டு நிமிஷம், மாசம் அரைமணி. தினமும் ஒருத்தர் ஸிங்க் முன்னால் ஒரு மணி நேரம் நிற்பதற்கு இது ரொம்ப மலிவான வட்டி.

டிஸ்கி: "ஃபில்டர்னா எது?" என்று கேட்கும் ரங்கமணிகள், முதலில் மேனுவல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தங்கமணியிடம் கேட்கவும். பணிவாக :-)