முதல் வரியில் என்ன எழுதுவது?

பேரன் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். கார்பன் நானோ குழாய்களால் ஆன மின்தேக்கியைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பதுதான் புராஜெக்ட். "கையில் பொருளே இல்லாமல் இது என்னடா ஆராய்ச்சி?" என்கிறான் அவனுடைய அப்பா, அதாவது என் மகன். நான் பேரன் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன். சூப்பர் கெப்பாசிட்டர், கார்பன் பரப்பில் அயனிகளை ஒட்டவைத்து மின்சாரத்தைச் சேமிக்கிறது. சில நொடிகளில் சார்ஜ் ஏறும். லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். குறை என்னவென்றால், கிலோவுக்குச் சுமார் 5 முதல் 10 வாட்-மணிதான் கொள்ளும். லித்தியம் பேட்டரி 100க்கு மேல் கொள்ளும். இந்தக் குறையைப் போக்கத்தான் பரப்பு மிகுந்த நானோ குழாய்களை நாடுகிறார்கள். குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் அயனி எப்படி நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் கணினி.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் துலூஸ் நகரத்துச் செய்தி ஒன்று எனக்குப் பிடிக்கும். 2006இல் அங்குள்ளவர்களும் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தாரும், கார்பனின் துளை 1 நானோமீட்டருக்கும் கீழே போனால் சேமிப்பு கூடுகிறது என்று அளந்து காட்டினார்கள். குறையும் என்றுதான் அதுவரை நம்பிக்கை. ஏன் கூடுகிறது என்பதை 2012இல் பாரிஸ் குழுவினரோடு சேர்ந்து செய்த சிமுலேஷன் விளக்கியது. நெருக்கடியில் அயனி தன்னைச் சூழ்ந்த எதிர் அயனிகள் சிலவற்றை உதறிவிட்டுச் சுவரோடு ஒட்டுகிறதாம். ஆகவே பேரன் செய்வதும் ஆராய்ச்சிதான்.

இனி நிபந்தனை. அவன் கணினியில் இருப்பது நேரான, சுத்தமான ஒற்றைக் குழாய். அதில் ஓடுவதும் சில நானோ நொடிகளே. நிஜத்தில் குழாய்கள் நூல்கண்டு போல் சிக்கிக் கிடக்கும். சிலவற்றின் வாய் மூடியிருக்கும். சில நன்றாக மின்சாரம் கடத்தும், சில கடத்தாது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இருப்புப் பதிவேட்டில் 40 நாற்காலிகள். வருடாந்தரச் சரிபார்ப்பில் எண்ணினால் 37. கூட்டலில் பிழையே கிடையாது!

எங்கள் பள்ளியில் கணக்குக்கு விடை எழுதுமுன் 'ஒன் சுப்போஸ்' என்று தொடங்கவேண்டும். 'இப்படி வைத்துக்கொள்வோம்' என்று பொருள். எதை வைத்துக்கொண்டோம் என்று எழுதாவிட்டால் சரியான விடைக்கும் மதிப்பெண் குறையும். பேரனிடம் அதைத்தான் சொன்னேன்: எத்தனை குழாய், எவ்வளவு நேரம், எதையெல்லாம் விட்டுவிட்டாய் என்பதை எண்ணுக்கு முன்னால் எழுது. 'ஒரு நிமிடத்தில் சார்ஜ்' என்று செய்தி போடுகிறவர்களும் அதை எழுதினால் நல்லது.

பேரன் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டான். மகன்தான் இன்னும் இறங்கி வரவில்லை.